நிகர எடை

புளியரைக்கு இந்தப் பக்கம்
கடைசி எடைமேடை எங்களுடையது.
அப்புறம் சோதனைச்சாவடி,
அப்புறம் எஸ் வளைவு, மழை, மலையாளம்.

மாதம் ஒன்பதாயிரம்.
எட்டை அம்மா வாங்கிக்கொள்வாள்.
மீதி ஒன்று என் படிப்புக்கு.
பேப்பர் போடுற வேலைக்கு எதுக்குடி மூணு வருசம்
என்று கேட்டபடியேதான் எண்ணித் தருவாள்.

அச்சு மங்கிய ரசீதுகளின் பின்பக்கத்தில்
கல்லூரிகளைக் குறித்து வைத்திருக்கிறேன்.

கோயம்புத்தூரில் ஒன்று.
வாசலில் வளைவு, வளைவுக்குள் நீரூற்று,
வருடத்துக்கு ஒரு லட்சத்து எழுபது.
ஸ்டூடியோ காட்டினார்கள்.
உறை பிரிக்காத கேமரா
கண்ணாடி அலமாரிக்குள் அமர்ந்திருந்தது.
திறந்து காட்டுங்களேன் என்றேன்.
சாவி யாரிடம் என்று
மூன்று பேர் ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டார்கள்.
கிளம்பும்போது கல்லூரிப் பெயர் போட்ட
துணிப்பை ஒன்று தந்தார்கள்.
பை நல்ல பை. இப்போது அதில்தான் தேங்காய் வாங்குகிறோம்.

மலைக்கு அந்தப் பக்கம், புனலூரில் ஒன்று.
ரயில் பதின்மூன்று கண் பாலத்தில் ஊர்ந்தபோது
எல்லாரும் ஜன்னலில்.
நான் மட்டும் கட்டண விவரத்தில்.
குறைவுதான். நூலகத்தில்
நாற்பது வருடத்துப் பத்திரிகைகளை பைண்டு செய்து
முதுகில் வெள்ளை மையால் வருடம் எழுதியிருந்தார்கள்.
ஒன்றைப் பிரித்தேன். படங்கள் புரிந்தன.
லாரிக்காரர்களிடம் கற்ற என் மலையாளம்
விலை கேட்கப் போதும்.
கேள்வி கேட்கப் போதாது.

திருநெல்வேலி தாண்டி ஓர் அரசுக் கல்லூரி.
ஆயிரத்து எண்ணூற்று நாற்பது ரூபாய்.
மலிவு மீனின் செவுளைத் தூக்கிப் பார்ப்பதுபோல
ஒவ்வோர் அறையாக எட்டிப் பார்த்தேன்.
மூன்று ஆசிரியர் இடம்; இருப்பவர் ஒருவர்.
கணினிகளில் பாதிக்கு உயிர் இல்லை.
மின்விசிறி ஓடினால் பேச முடியாது,
நிறுத்தினால் உட்கார முடியாது.

புங்கமரத்தடியில் டிபன்பாக்ஸ் திறந்திருந்த
இரண்டாம் வருடத்து ஜெபக்கனியிடம் கேட்டேன்:
அக்கா, இதுவரைக்கும் என்ன எழுதியிருக்கீங்க?
சோற்றுக் கையாலேயே சுவரைக் காட்டினாள்.

ஒரு சார்ட் தாள். கையெழுத்து.
விடுதித் தண்ணீர்த் தொட்டியில் செத்த அணில்.
தொட்டியைக் கடைசியாகக் கழுவிய தேதி.
கழுவியதாக பில் போட்ட தேதி.
ஓரத்தில் ஆசிரியரின் சிவப்பு மை:
'அணிலை யார் பார்த்தது? பெயர் எங்கே?'

கழுவினாங்களா?
அன்னைக்கு ராத்திரியே.
எங்களைத்தான் நல்லா ஏசினாங்க, என்றாள்.
ரசத்தை உறிஞ்சிவிட்டுச் சிரித்தாள்.

பேருந்திலேயே விண்ணப்பத்தை நிரப்பத் தொடங்கினேன்.
பெயர்: முப்பிடாதி.
தற்போதைய பணி: எடைமேடை இயக்குநர்.
அதில் கொஞ்சம் பெருமை.
'இதழியல் படிக்க விரும்புவது ஏன்?
நான்கு வரிகளுக்குள்.'
தென்காசி வந்தது, செங்கோட்டை வந்தது,
வரி வரவில்லை.

இரவு வேலை.
பன்னிரண்டு சக்கர லாரி மேடையேறி நிற்கிறது,
எம்-சாண்டிலிருந்து நீர் சொட்டச் சொட்ட.
திரையில் நாற்பத்தொன்பது டன்.
முதலாளி பழக்கிவிட்டபடி
ரசீதில் முப்பத்தைந்து.
ஒரு ராத்திரிக்கு முப்பது முறை
இந்த விரல்தான் அதை அடிக்கிறது.
அந்த ஆயிரத்து எண்ணூற்று நாற்பதையும்
இந்த விரல்தான் சேர்த்தது.

யார் பார்த்தது?

விண்ணப்பத்தை எடுத்து
முதல் வரியில் வண்டி எண்ணை எழுதுகிறேன்.
இரண்டாவதில் திரை சொன்னது.
மூன்றாவதில் நான் அடித்தது.
நாலாவது வரி என் பெயருக்கு.

டிரைவர் ஷிபு ஹாரன் அடிக்கிறான்.
சேச்சீ, சாவடியில ஆள் மாறும் முன்ன போணும்.

ரசீதைக் கிழித்து நீட்டுகிறேன்.
முப்பத்தைந்து.

லாரி இறங்க,
ஒரு விரற்கடை மேலே வருகிறது
மேடை.